மாமாவோட வலது தோளும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும்

இந்த எபிசோட் எனக்குக் கொஞ்சம் சொந்த விஷயம்.

என் தாய்மாமா மாமல்லபுரத்துல சிற்பி. ஐந்து ரதம் பக்கம் போற ரோட்டுல நடந்திருந்தீங்கன்னா ரெண்டு பக்கமும் உளிச்சத்தம் கேட்டிருக்கும். அதுல ஒரு பட்டறையிலதான் அவர் வேலை. வயசு 57. பதினஞ்சு வயசுல சுத்தியல் பிடிச்சவர். 2017-ல மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ நான் பெருமையா போன் பண்ணேன். "குறியீடு இருக்கட்டும் மாப்ள, இந்தத் தோள்வலிக்கு எதாவது தைலம் இருந்தா வாங்கிட்டு வா"ன்னார். வலி அப்பவே ஆரம்பிச்சிருக்கு. நாங்க யாரும் அதைப் பெருசா எடுத்துக்கல.

போன மாசம் அவரை செங்கல்பட்டுல ஒரு எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்துல வச்சுப் பார்த்தார். பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல இருக்க வேண்டிய இடைவெளி காணோம். குருத்தெலும்பு தேய்ஞ்சு எலும்பும் எலும்பும் உரசுது. "ஒரு கட்டத்துல மூட்டை மாத்த வேண்டி வரும்"னார் டாக்டர். மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மாத்தினா மறுபடி சுத்தியல் பிடிக்கலாமா சார்?"

டாக்டர் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லல. அப்புறம், "புதுசும் தேயும்ங்க"ன்னார்.

பஸ்ல திரும்பி வரும்போது முழுக்க அந்த ஒரு வரிதான் மண்டையில ஓடிட்டு இருந்தது. உலோகமும் பிளாஸ்டிக்கும் வச்சுச் செஞ்ச மூட்டு ஏன் தேயணும்? யாருக்குச் சீக்கிரம் தேயுது, யாருக்குத் தேயல? ரெண்டு மூணு வாரம் படிச்சேன், டாக்டர்களைக் கேட்டேன். எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். நான் டாக்டர் இல்ல. உங்க தோளுக்கு உங்க டாக்டர்தான்.

முதல்ல தோள் எப்படிப்பட்ட மூட்டுன்னு பார்த்துடலாம். இடுப்பு மூட்டு உரல் மாதிரி. ஆழமான குழி, அதுக்குள்ள பந்து உட்கார்ந்திருக்கும். தோள் அப்படி இல்ல. டீ சாஸர் மேல ஒரு கிரிக்கெட் பந்தை வச்ச மாதிரி. கிண்ணம் ரொம்ப ஆழம் கம்மி, பந்தோ பெருசு. அந்த ஆழமில்லாத குழியாலதான் நாம கையைத் தலைக்கு மேல தூக்கி முதுகுப் பக்கமும் கொண்டு போக முடியுது. சரி, பந்து ஏன் சாஸர்லேருந்து உருண்டு விழல? சுத்தி நாலு தசைகள் அதை இழுத்துப் பிடிச்சு நடுவுல நிறுத்துது. ரொட்டேட்டர் கஃப்னு சொல்வாங்க. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கங்க, கதையோட வில்லன் பல சமயம் இதுதான்.

இன்னொரு விஷயம். தோள் உடம்போட எடையைத் தாங்குற மூட்டு இல்லையே, அப்புறம் எப்படித் தேயும்னு நானும் நினைச்சேன். தப்பு. கையில எதுவுமே இல்லாம, பக்கவாட்டுல தோள் உயரத்துக்குத் தூக்கினாலே மூட்டுக்குள்ள விழுற அழுத்தம் கிட்டத்தட்ட உங்க உடம்போட எடை அளவுக்கு வரும். மண்வெட்டியோட ஒரு நுனியை மட்டும் பிடிச்சுத் தூக்கிப் பாருங்க, மணிக்கட்டு எவ்வளவு திணறுதுன்னு தெரியும். கை நீளமானது, அதைத் தூக்குற தசையோ மூட்டுக்கு ரொம்பப் பக்கத்துல ஒட்டியிருக்கு. அதனால அது பல மடங்கு பலமா இழுத்தாகணும். அந்த இழுப்பு மொத்தமும் மூட்டு மேல விழுது. இப்போ அந்தக் கையில ஒரு சுத்தியலைக் கொடுங்க. முன்னாடி ஒரு கருங்கல்லை வைங்க. நாற்பது வருஷம் அடிங்க. அதான் மாமாவோட தோள்.

தோள் மூட்டை மாத்துற வேலை நாம நினைக்கிறதைவிடப் பழசு. 1893-ல பாரிஸ்ல பேயான்னு ஒரு அறுவை சிகிச்சை நிபுணர், காசநோயால தோள் அழிஞ்சு போன ஒருத்தருக்கு பிளாட்டினமும் ரப்பரும் வச்சு ஒரு மூட்டு செஞ்சு பொருத்தினார். ரெண்டு வருஷம் தாங்கிச்சு. அப்புறம் கிருமித்தொற்றால அதை வெளியே எடுக்க வேண்டியதாச்சு. இன்னைக்கு நாம பார்க்குற வகை 1950-கள்ல அமெரிக்காவுல சார்லஸ் நீர் ஆரம்பிச்சது. உடைஞ்ச பந்துக்குப் பதிலா ஒரு உலோகப் பந்து. எதிர்ப்பக்கக் கிண்ணம் நம்ம சொந்த எலும்பு, அதைத் தொடல. இது பாதி மாற்று. 1970-கள்ல கிண்ணத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு வைக்க ஆரம்பிச்சாங்க. அது முழு மாற்று.

அந்த பிளாஸ்டிக் வந்த கதையை இங்க சொல்லியே ஆகணும். இங்கிலாந்துல ஜான் சார்ன்லினு ஒரு டாக்டர். இடுப்பு மூட்டு மாற்றுக்கு அவரைத்தான் தந்தைம்பாங்க. 1950-களோட கடைசியில அவர் கிண்ணத்துக்கு டெஃப்லான் வச்சார். நம்ம வீட்டு நான்-ஸ்டிக் தவா மேல இருக்கே, அதே டெஃப்லான். வழுவழுன்னு இருக்குறதால உரசல் இருக்காதுன்னு கணக்கு. ஆரம்பத்துல அருமையா வேலை செஞ்சது. ரெண்டு மூணு வருஷத்துல பந்து கிண்ணத்தைத் தோண்டிக்கிட்டு உள்ளே போக ஆரம்பிச்சது. அதைவிட மோசம், தேய்ஞ்ச தூள் சுத்தியிருந்த திசுவைப் புண்ணாக்கிடுச்சு. நூத்துக்கணக்கான பேருக்கு மறுபடி ஆபரேஷன். மனுஷன் டெஃப்லான் தூளைத் தன் சொந்தத் தொடையிலயே செலுத்தி என்ன ஆகுதுன்னு பார்த்தார்.

1962-ல ஒரு சேல்ஸ்மேன் அவரோட பட்டறைக்கு வேற ஒரு பிளாஸ்டிக்கைக் கொண்டு வந்தார். நெசவுத்தறிகள்ல பயன்படுற பாலிஎத்திலீன். நகத்தால கீறிப் பார்த்துட்டு, இது ஆகாதுன்னு சார்ன்லி ஒதுக்கிட்டார். அவரோட டெக்னீஷியன் ஹாரி கிரேவன் என்ன பண்ணார் தெரியுமா? சார் வெளியூர் போன நேரம் பார்த்து அதைத் தேய்மான மெஷின்ல மாட்டி ஓட விட்டுட்டார். மூணு வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாள்ல தேய்ஞ்ச அளவுக்குக்கூட அது தேயல. இன்னைக்கு உலகம் முழுக்க மூட்டு மாற்றுல இருக்கிறது அதே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான், இப்போ இன்னும் கெட்டியாக்கி வச்சிருக்காங்க. பாஸ் வேண்டாம்னு சொன்னதை டெஸ்ட் பண்ணிப் பார்த்த ஒரு டெக்னீஷியனுக்கு நாம கடன்பட்டிருக்கோம்.

ஆனா அதுவும் தேயும். மெதுவா, கண்ணுக்குத் தெரியாத துகள்களா. துகள் எலும்பை அறுக்குறது இல்ல. நம்ம உடம்போட காவல் செல்கள் அந்தத் துகளைக் கிருமின்னு நினைச்சு விழுங்குது. ஜீரணிக்க முடியல. சுத்தி அழற்சியைக் கிளப்பி விடுது. அந்தச் சிக்னல்ல எலும்பைக் கரைக்குற செல்கள் விழிச்சுக்குது. பிளாஸ்டிக் கிண்ணம் எந்த எலும்புல ஒட்டியிருக்கோ அந்த எலும்பே கொஞ்சம் கொஞ்சமா கரையுது. கிண்ணம் ஆட ஆரம்பிக்குது.

இதை மாமாகிட்ட சொன்னப்போ அவர் சட்டுன்னு கடற்கரைக் கோயிலைக் காட்டினார். "அலை அடிச்சு அந்தச் சிங்கமெல்லாம் மழுங்கலடா. காத்துல வர்ற மணல். பொடி மணல்தான் கல்லைத் தின்னுது. அதுக்குத்தான் சவுக்கு வச்சாங்க." எஞ்சினியருங்க இதுக்கு மூன்றாம் பொருள் தேய்மானம்னு பேர் வச்சிருக்காங்க. ரெண்டு பரப்புக்கு நடுவுல சிமெண்ட் துணுக்கோ எலும்புத் துணுக்கோ மாட்டினா ரெண்டும் வேகமாத் தேயும். மாமா அதைப் படிக்காமலே சொல்லிட்டார்.

இப்போ முக்கியமான இடம். தோள்ல கிண்ணம் கழண்டு போறதுக்குப் பெரிய காரணம் துகள் மட்டும் இல்ல. பந்து நடுவுல நிக்காதது. தெருவுல கால்வாய் மேல போட்டிருக்குற கடப்பாக் கல்லை நினைச்சுக்கங்க. நடுவுல மிதிச்சா அசையாது. ஒரு ஓரத்துல மிதிச்சா எதிர் ஓரம் தூக்கும். தினம் ஆயிரம் பேர் ஓரத்துலயே மிதிச்சா கல் கழண்டுடும். ரொட்டேட்டர் கஃப் கிழிஞ்சு போனவங்களுக்கு இதுதான் நடக்குது. பந்தைக் கீழே இழுத்துப் பிடிக்க ஆள் இல்ல, அது மேலே ஏறி கிண்ணத்தோட மேல் ஓரத்தை அமுக்குது, கீழ் ஓரம் தூக்குது. கை ஒவ்வொரு தடவை உயரும்போதும். 1988-ல அமெரிக்க டாக்டர்கள் இதைக் கவனிச்சு எழுதினாங்க, ஆடுற மரக்குதிரைன்னு பேர் வச்சாங்க. அதனாலதான் முழு மாற்றுக்கு முன்னாடி தசை முழுசா இருக்கான்னு எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்குறாங்க. அந்த ஸ்கேனுக்குக் காசு ஏன்னு மாமா முனகினார். நான் கடப்பாக் கல்லைச் சொன்னதும் சும்மா ஆயிட்டார்.

பந்து மேலே ஏறுறது ஒரு வகை. பின்னாடி சரியுறது இன்னொரு வகை. தேய்மானம் வந்த பல தோள்கள்ல கிண்ணத்தோட பின்பாதி மட்டும் அதிகமாத் தேய்ஞ்சு, ஒரு கிண்ணம் ரெண்டு பள்ளமா மாறியிருக்கும். பிரான்ஸ்ல கில்ஸ் வால்ஷ்னு ஒரு டாக்டர் இந்த வடிவங்களை 1999-ல வகைப்படுத்தினார், இந்த ரெட்டைப் பள்ளத்துக்கு பி2-ன்னு பேர். இப்படிப்பட்ட எலும்பு மேல நேரா ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை ஒட்டினா, பந்து பழைய பழக்கத்துல பின்னாடியே சரியும். அந்த ஓரமே மறுபடி தேயும். அதனால சி.டி. ஸ்கேன் எடுத்துக் கோணத்தைக் கணக்குப் போட்டு, அதைச் சரி பண்ணித்தான் வைக்கணும். சாய்ஞ்ச தரையில பீரோவை நிறுத்துறதுக்கு முன்னாடி அடியில கட்டை வைக்கிறோமே, அது மாதிரி.

அப்போ பிளாஸ்டிக்கே வேண்டாம், பாதி மாற்று போதுமேன்னு தோணும். இளம் வயசுக்காரங்க, கடின உழைப்பாளிங்களுக்கு அந்த யோசனையில நியாயம் இருக்கு. கழண்டு போக பிளாஸ்டிக்கே இல்லையே. ஆனா அங்க இரும்பு மாதிரி உலோகப் பந்து நம்ம உயிருள்ள எலும்பைத் தேய்க்குது. வருஷம் ஆக ஆகக் கிண்ணம் குழிஞ்சு வலி திரும்பி வரலாம். ஆபரேஷனுக்கு முன்னாடியே கிண்ணம் கோணலாத் தேய்ஞ்சிருந்தா இது சீக்கிரம் வரும். பந்தை அளவுக்கு மீறிப் பெருசா வச்சாலும் அப்படித்தான். மூட்டு இறுகி எப்பவும் அழுத்தத்துலயே இருக்கும். அமெரிக்காவுல சியாட்டில்ல மாட்சன்னு ஒரு டாக்டர், பாதி மாற்று பண்ணும்போதே எலும்புக் கிண்ணத்தை வழுவழுன்னு கடைஞ்சு விடுற முறையைச் செஞ்சு காட்டியிருக்கார். கேட்டதும் மாமா முகத்துல ஒரு சிரிப்பு. கடையுறதுன்னா அவருக்குப் புரியுமே. ஆனா அந்த முறையில வலி குறைய மாசக்கணக்குல தினமும் விடாம உடற்பயிற்சி பண்ணணும், எல்லாருக்கும் பலன் ஒரே மாதிரி இல்ல. எலும்பை மென்மையாத் தேய்க்கட்டும்னு பைரோகார்பன்ங்கிற கரிமப் பொருள்லயும் இப்போ பந்து வருது.

மூணாவது வழி ஒண்ணு இருக்கு, கேட்கவே வினோதமா இருக்கும். 1985-ல பிரான்ஸ்ல பால் கிராமோன் யோசிச்சது. பந்து இருந்த இடத்துல கிண்ணம், கிண்ணம் இருந்த இடத்துல பந்து. தலைகீழ் மாற்று. ரொட்டேட்டர் கஃப் வேலை செய்யாட்டியும் தோள் மேல இருக்குற பெரிய டெல்டாய்டு தசையே கையைத் தூக்கிடும். தசை கிழிஞ்ச வயசானவங்களுக்கு இது வரப்பிரசாதம். இதுலயும் தேய்மானம் உண்டு. கை கீழே தொங்கும்போது பிளாஸ்டிக் கிண்ணத்தோட உள் ஓரம் தோள்பட்டை எலும்போட கீழ்ப்பக்கத்துல இடிச்சு இடிச்சு ஒரு வெட்டு விழும். பந்தைக் கொஞ்சம் கீழே தள்ளி வச்சா அது குறையும்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க.

சரி, இதெல்லாம் டாக்டர் கையில இருக்குற விஷயம். ஆள் கொண்டு வர்ற ஆபத்து? முதல்ல வயசு. இங்க ஒரு நம்பர் என்னைத் தூக்கிப் போட்டுச்சு. இங்கிலாந்துல நடந்த ஐம்பத்தெட்டாயிரம் தோள் மாற்றுகளைக் கணக்கெடுத்து 2019-ல ஒரு ஆய்வு வந்தது. 85 வயசைத் தாண்டின பெண்கள்ல, வாழ்நாள்ல மறுபடி ஆபரேஷன் தேவைப்படுற வாய்ப்பு 37-ல ஒருத்தருக்கு. 55-லேருந்து 59 வயசு வரை உள்ள ஆண்கள்ல நாலுல ஒருத்தருக்கு. மாமாவுக்கு 57. நாலு சிற்பிங்க வரிசையா உட்கார்ந்திருக்காங்க, அதுல ஒருத்தர். வயசு கம்மின்னா மீதி வாழ்க்கை நீளம், கை ஓயாது, உழைப்பு கூட. இதெல்லாம் சேர்ந்துதான்.

அடுத்து கிருமி. நம்ம முகத்துல பரு வர்றதுல பங்குள்ள அதே பாக்டீரியா தோள் தோலோட எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள்ள வசிக்குது. பேர் க்யூடிபாக்டீரியம். ஆண்களுக்கு இன்னும் அதிகம். ஆபரேஷன் நேரத்துல உள்ளே போயிட்டா காய்ச்சல் வராது, சீழ் வராது. மாசக்கணக்குல சத்தமில்லாம உட்கார்ந்து மூட்டைக் கழட்டும். வெளியிலேருந்து பார்த்தா வெறும் தேய்மானம் மாதிரியே இருக்கும். லேப்ல ரெண்டு வாரம் வளர்த்துப் பார்த்தாத்தான் மாட்டும். சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லாட்டி, பீடி சிகரெட் இருந்தா, தொற்றுக்கான வாய்ப்பு ஏறும். மாமாவுக்கு ரெண்டும் உண்டு. பீடி விஷயம் அத்தைக்குத் தெரியாதுன்னு அவர் நம்பிட்டு இருக்கார்.

இப்போ இதைக் கேட்டுட்டு இருக்குற இருபத்தஞ்சு வயசுக்காரங்க, "எனக்கென்ன"ன்னு ஃபார்வர்ட் பண்ணாதீங்க. 2025 ஆகஸ்ட்ல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்துல நடந்தது, ரமேஷ் புதிஹால் வெண்கலம் ஜெயிச்சார். அதுக்கு முன்னாடியே கோவளம் பக்கம் வார இறுதியானா போர்டோட நம்ம ஆளுங்கதான். சர்ஃபிங்ல நிக்கிற நேரம் கொஞ்சம். படுத்துக்கிட்டுக் கையால துடுப்புப் போடுற நேரம்தான் அதிகம், அது முழுக்கத் தோள். அலை புரட்டிப் போட்டா தோள் கழண்டுக்கும். கபடியிலயும் வாலிபால்லயும் இதே கதை. ஒரு தடவை கழண்ட தோளுக்குப் பின்னாடி தேய்மானம் வர்ற வாய்ப்பு அதிகம். திரும்பத் திரும்பக் கழண்டா ஆபரேஷன் பண்ணி இறுக்கிக் கட்டுவாங்க. பழைய காலத்துல அதை ரொம்ப இறுக்கிட்டதால, பந்து ஒரு பக்கமாத் தள்ளப்பட்டு, சின்ன வயசுலயே மூட்டு தேய்ஞ்சவங்க உண்டு. அவங்க நாற்பதுகள்லயே மூட்டு மாற்றுக்கு வந்து நிப்பாங்க, மேல சொன்ன வயசுக் கணக்கு அவங்களுக்கு இன்னும் கடுமை. ஆபரேஷனுக்கு அப்புறம் வலி தெரியாம இருக்க மரத்துப்போற மருந்தை பம்ப் வச்சு நாள்கணக்குல மூட்டுக்குள்ளயே செலுத்துற வழக்கமும் ஒரு காலத்துல இருந்தது. அது குருத்தெலும்பையே கொன்னுடுதுன்னு தெரிஞ்சு 2009-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டாங்க.

மாமா கதைக்கு வர்றேன். ரெண்டாவது தடவை டாக்டர்கிட்ட போனப்போ கேள்விகளை எழுதி எடுத்துட்டுப் போனோம். தசை முழுசா இருக்கா? கிண்ணம் எந்தப் பக்கம் தேய்ஞ்சிருக்கு? பாதியா, முழுசா, தலைகீழா, ஏன்? பின்னாடி கழண்டா மறுபடி வைக்க எலும்பு மிச்சம் இருக்குமா? வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுக்கணுமா? டாக்டர் சந்தோஷமா உட்கார்ந்து பதில் சொன்னார், வெளியில கியூ நின்னுட்டு இருந்தும். எம்ஆர்ஐல தசை நல்லா இருந்தது. கிண்ணம் பின்பக்கம் கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு, எவ்வளவுன்னு சி.டி. பார்த்தாத்தான் தெரியும். முழு மாற்று வச்சா வலி நல்லாக் குறையும், தலை சீவலாம், சட்டை போடலாம், நீச்சல்கூட அடிக்கலாம். ஆனா கருங்கல்லுல சுத்தியல் வேலை வேண்டாம்னார். ஒவ்வொரு அடியோட அதிர்ச்சியும் கிண்ணம் ஒட்டியிருக்குற இடத்துக்குத்தான் போகும்.

மாமா கேட்டார், "கிரைண்டர்?" கல்லை அறுக்க இப்போ எல்லாப் பட்டறையிலயும் கிரைண்டர்தான். அதோட அதிர்வும் நல்லதில்லன்னு டாக்டர் தலையாட்டினார். "கோடு போட்டுக் கொடுக்கலாம், முகம் திறக்குற நுணுக்க வேலை பண்ணலாம், சின்ன உளி, லேசான தட்டு. அதுவும் ஆறு மாசம் கழிச்சு."

சிற்பத்துல கடைசியா கண்ணைத் திறக்குறதுதான் பெரியவங்க வேலை, மத்தவங்க கை வைக்க மாட்டாங்க. அது லேசான தட்டுதான். ஆனா கூலி கல்லை உடைக்கிற நாள் கணக்குல வருது, கண் திறக்குற கணக்குல வர்றதில்ல. இதை மாமா டாக்டர்கிட்ட சொல்லல. வெளியில டீக்கடையில என்கிட்ட சொன்னார்.

இப்போதைக்கு ஆபரேஷன் தள்ளிப் போட்டிருக்கு. டாக்டரும் அவசரம் இல்லன்னுதான் சொன்னார். இந்த வயசுல தள்ளுற ஒவ்வொரு வருஷமும் அந்த நாலுல ஒண்ணு கணக்கைக் குறைக்கும். ஆனா பின்பக்கம் எலும்பு ரொம்பத் தேயுற வரைக்கும் காத்திருக்கவும் கூடாது, அப்புறம் கிண்ணம் வைக்கவே இடம் இருக்காது. ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ ஒரு தேதி. பிசியோதெரபி போறார், சர்க்கரைக்கு ஒழுங்கா மாத்திரை எடுக்குறார். பட்டறையில பெரிய கல்லை மத்தவங்க உடைக்கிறாங்க, இவர் அளவு குறிச்சுக் கொடுக்கிறார். சம்பளம் குறைஞ்சிருக்கு. இடது கையில சுத்தியல் பிடிச்சுப் பழகிப் பார்க்குறேன்னு போன வாரம் போன்ல சொன்னார். "பிள்ளையார் தும்பிக்கை கோணிக்கிச்சுடா மாப்ள"ன்னு சிரிச்சார்.

சி.டி. ஸ்கேன் அடுத்த செவ்வாய்க்கிழமை. நான் லீவு போட்டிருக்கேன்.